தொட்டால் வலிக்கும் என்று எழுதுவது

மருத்துவர் பேசியதை எழுத்தாக்கும் தொழிலில் நோயாளியை நாங்கள் பார்ப்பதில்லை. அவர் குரலும் எங்களுக்கு வராது. வருவது மருத்துவரின் குரல் மட்டும். அமெரிக்காவின் ஏதோ ஓர் ஊரில் பகல் முழுக்க நோயாளிகளைப் பார்த்த மருத்துவர், மாலையில் தொலைபேசியிலோ கையடக்க ரெக்கார்டரிலோ ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி வைப்பார். அந்த ஒலிக்கோப்பு சென்னைக்கு வந்து சேரும்போது இங்கே பொழுது விடிந்துகொண்டிருக்கும். காதில் ஹெட்போன், காலடியில் ஃபுட் பெடல், விரல்கள் கீபோர்டில். பெடலை மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். ஓரத்தை அழுத்தினால் பின்னோக்கிப் போகும். எழுதிச் சரிபார்த்து அனுப்பிவிட்டால், அங்கே மறுநாள் காலையில் அது நோயாளியின் கோப்பில் ஏறியிருக்கும். அடுத்து அவரைப் பார்க்கும் மருத்துவர், அறுவைச் சிகிச்சை நிபுணர், காப்பீட்டு அலுவலர் எல்லோரும் படிப்பது அந்தத் தாளைத்தான்.

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற இந்த வேலைக்கு எங்களுக்குள் ‘எம்.டி.’ என்று பெயர். தாவரவியல் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் இதற்குள் வந்தேன். தட்டச்சு செய்பவளாகத் தொடங்கி, பிறர் எழுதியதைத் திருத்தும் கியூ.ஏ. ஆகி, பிறகு புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவளானேன். எத்தனையோ ஆயிரம் மருத்துவச் சொற்கள் காதைக் கடந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒரு சொல்லை நான் தனியாகக் கவனித்துக்கொண்டே வந்திருக்கிறேன். ஹைப்பரெஸ்தீசியா. உடம்பின் ஓரிடத்தில் தொடு உணர்ச்சி இயல்பைவிட மிகுந்துபோன நிலை.

அதைக் கவனிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம், அதன் எதிர்ச்சொல் அதற்குப் பக்கத்திலேயே நிற்பதுதான். உணர்ச்சி மிகுந்தால் ஹைப்பரெஸ்தீசியா. ஆங்கிலத்தில் 13 எழுத்து. உணர்ச்சி குறைந்தால் ஹைப்போஎஸ்தீசியா, 12 எழுத்து. இந்தக் குறைந்த நிலைக்கே சுருக்கமான இன்னொரு வடிவம் உண்டு: ஹைப்பெஸ்தீசியா, 11 எழுத்து. மூன்றையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லுக்கும் மூன்றாவதற்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு ‘ர’கரம். ஐம்பது நோயாளிகளைப் பார்த்துக் களைத்த மருத்துவர், காரை ஓட்டிக்கொண்டே பேசும்போது அந்த ‘ர’கரம் முதலில் தேய்ந்து போகும்.

மூன்றும் அகராதியில் உள்ள சரியான சொற்கள். ஆகவே கணினியின் எழுத்துப்பிழை திருத்தி எதன் அடியிலும் சிவப்புக் கோடு போடாது. ‘தொட்டாலே துடிக்கிறார்’ என்பது ‘தொட்டால் தெரியவில்லை’ என்று மாறிவிட்டாலும், தாளில் அது பிழையே இல்லாத வாக்கியமாக நிற்கும்.

எங்களுக்கு உடற்கூறு கற்றுக்கொடுத்தவர், மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. சொற்களை மனப்பாடம் செய்ய அவர் விடமாட்டார். உடைத்துப் பார்க்கச் சொல்வார். ‘எஸ்தீசிஸ்’ என்ற கிரேக்க வேர் உணர்வைக் குறிப்பது. முன்னால் ‘ஹைப்பர்’ வந்தால் மிகை. ‘ஹைப்போ’ வந்தால் குறை. ‘அன்’ வந்தால் இன்மை. அதுதான் எல்லோருக்கும் தெரிந்த அனஸ்தீசியா. ஈதர் கொடுத்தால் வலியில்லாமல் அறுவை செய்ய முடியும் என்று பாஸ்டனில் காட்டிய மார்ட்டனுக்கு, ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1846 நவம்பரில் எழுதிய கடிதத்தில் முன்மொழிந்த பெயர் அது. ‘பாரா’ வந்தால் பிசகிய உணர்வு. தொடாமலே ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது எல்லாம் பாரெஸ்தீசியா. ‘டிஸ்’ வந்தால் அந்தப் பிசகே துன்பமாக மாறிய நிலை, டிஸெஸ்தீசியா. ஒரு வேரிலிருந்து இத்தனை கிளை. பிரிட்டிஷ் எழுத்துமுறையில் வேருக்குள் ஓர் ‘ஏ’ கூடுதலாக இருக்கும், அப்போது 13 எழுத்து 14 ஆகும். அமெரிக்கக் கோப்பில் அந்த ‘ஏ’ கூடாது. பள்ளியில் பிரிட்டிஷ் ஆங்கிலம் படித்து வந்த எங்கள் பிள்ளைகளின் விரல் அந்த எழுத்தைத் தானாகவே தட்டிவிடும். பழக்கம் மாறச் சில மாதங்கள் பிடிக்கும். ஸ்டெட்மன், டோர்லண்ட் ஆகிய இரண்டு பெரிய மருத்துவ அகராதிகளும் எப்போதும் மேசையில் இருக்கும். சந்தேகம் வந்தால் எழுந்துபோய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது, கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும் என்பார் அந்த அம்மா.

இந்தச் சொல்லுக்கு எல்லையும் உண்டு. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வெளியிட்ட சொற்பட்டியலும் அதன் பின் வந்த திருத்தங்களும் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணை. தூண்டலுக்கு உணர்ச்சி மிகுந்து காணப்படுவதே ஹைப்பரெஸ்தீசியா, ஆனால் சிறப்புப் புலன்கள் இதில் சேரா என்கிறது அந்த வரையறை. கண், காது, மூக்கு, நாக்கு வெளியே போய்விடுகின்றன. சாதாரண ஓசையே தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்பவருக்கு ஹைப்பரக்யூசிஸ். வெளிச்சம் பட்டால் கண் கூசித் துன்பப்படுபவருக்கு ஃபோட்டோஃபோபியா. வாசனை அளவுக்கு மீறித் தெரிந்தால் ஹைப்பரோஸ்மியா. தோலுக்கும் உடம்புக்கும் உரிய மிகை உணர்ச்சிதான் நம்முடைய சொல்.

அதற்குள்ளும் இரண்டு பிரிவு உண்டு. வலிக்கவே கூடாத ஒன்று வலித்தால் அலோடினியா: போர்வை உரசுவது, மின்விசிறிக் காற்று படுவது, சட்டைத் துணி அசைவது. வலிக்க வேண்டிய ஒன்று அளவுக்கு மிஞ்சி வலித்தால் ஹைப்பரால்ஜீசியா: ஊசி முனை லேசாகப் பட்டதற்கே கத்தி இறங்கியது போலத் துடிப்பது. ஹைப்பரெஸ்தீசியா இரண்டையும் தனக்குள் அடக்கிக்கொள்ளும் பொதுச்சொல். மருத்துவர் எதைச் சொன்னாரோ அதைத்தான் எழுத வேண்டும். இன்னும் துல்லியமான சொல் எங்களுக்குத் தெரிந்திருந்தாலும் மாற்றி எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் இந்த வேறுபாடு தெரிந்திருந்தால்தான் அவர் எதைச் சொல்கிறார் என்பதே காதில் விழும். பொருள் தெரியாத சொல் காதில் இரைச்சலாகத்தான் விழுகிறது. புதிதாக வந்தவர்களைக் கவனித்தபோதெல்லாம் இதைக் கண்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: “மேடம், இது ஹைப்பரா, ஹைப்போவா? பத்து தடவ ரீவைண்ட் பண்ணிட்டேன்.”

“பதினோராவது தடவ அந்தச் சொல்லக் கேக்காதம்மா. அந்த வாக்கியத்துக்கு முன்னாடி ரெண்டு வாக்கியம் கேளு” என்பேன்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. உணர்ச்சிச் சோதனையை மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் சொல்வார்கள். பஞ்சு நுனியால் தொட்டுப் பார்த்தது, ஊசி முனையால் குத்திப் பார்த்தது, 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தது, கட்டைவிரலை மேலும் கீழும் அசைத்துத் திசை கேட்டது. எந்த நரம்பு வேரின் பரப்பு என்பதையும் சொல்வார்கள். தொப்புள் மட்டம் என்றால் மார்புப் பகுதியின் பத்தாவது வேர். பாதத்தின் வெளி விளிம்பு என்றால் முதலாவது சேக்ரல் வேர்.

இடுப்பில் கடைசி வட்டு பிதுங்கி அந்த வேரை அழுத்துவதாக வைத்துக்கொள்வோம். கணுக்கால் அனிச்சை குறையும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியாது. பாதத்தின் வெளிப்புறம் மதமதத்துப் போகும். மருத்துவர் இவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து தெளிவில்லாமல் ஒரு ‘எஸ்தீசியா’ சொன்னால், குறைந்த உணர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதற்கு நேர்மாறாக, விலா ஓரம் அக்கி வந்து கொப்புளம் ஆறிய பிறகும் எரிச்சல் தீராத நோயாளி. சட்டை போட முடியவில்லை என்கிறார். லிடோகெய்ன் பட்டை ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள், காபாபென்டின் அளவைக் கூட்டுகிறார்கள். அங்கே அதே தெளிவில்லாத ஒலி மிகை உணர்ச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மருந்துப் பெயர் கோப்பின் கடைசியில்தான் வரும். ஆகவே முழுக் கோப்பையும் கேட்டு முடிக்காமல் நடுவில் உள்ள சொல்லை முடிவுசெய்யக் கூடாது.

அந்த மருத்துவர் வேறு இடங்களில் எப்படி உச்சரிக்கிறார் என்பது அடுத்த துப்பு. இரத்த அழுத்தம் இல்லாத கோப்பு அபூர்வம். அவர் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பதை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டால், அவர் வாயில் ‘ஹைப்பர்’ எந்த உருவம் எடுக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மருத்துவருக்கும் பழைய கோப்புகளைச் சேர்த்து ‘சாம்பிள்’ என்று வைத்திருப்போம். அவர் வழக்கமாகப் பயன்படுத்துவது 12 எழுத்துச் சொல்லா, 11 எழுத்துச் சொல்லா என்பதுகூட அதில் கிடைக்கும். கையை விலக்குவதற்கும் சேர்ப்பதற்கும் உள்ள இரண்டு சொற்கள் ஒன்றுபோல ஒலிப்பதால், நல்ல மருத்துவர்கள் ‘ஏ, பி’ என்றும் ‘ஏ, டி’ என்றும் எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். அதுபோல இந்தச் சொல்லையும் சிலர் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சில விநாடிகளுக்காக முகம் தெரியாத அந்த மருத்துவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இவ்வளவு துப்பும் சேர்ந்தாலும் சூழலை மட்டும் நம்பி எழுதிவிட முடியாது. இந்த நோய்களின் இயல்பு அப்படி. அக்கி வந்துபோன அதே தோல் பரப்பில், ஊசியால் குத்தினால் மழுங்கலாகத் தெரியும். பஞ்சால் வருடினால் உயிர் போகும். குறைவும் மிகையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில். முகத்தின் உணர்ச்சி நரம்பில் சிகிச்சை செய்த சிலருக்கு, தொட்டால் ஒன்றும் தெரியாத கன்னத்திலேயே ஓயாத வலி தங்கிவிடுவதுண்டு. அதற்கு அனஸ்தீசியா டொலரோசா என்றே பெயர். ‘இங்கே வலி, ஆகவே ஹைப்பர்’ என்று தர்க்கம் போட்டு எழுதினால், தர்க்கம் சரியாக இருக்கும், அறிக்கை தவறாகிவிடும்.

சர்க்கரை நோய் இதற்கு இன்னொரு சாட்சி. நரம்பு பாதித்த ஒருவருக்குப் படுக்கை விரிப்பு பாதத்தில் பட்டாலே எரிகிறது. இரவெல்லாம் காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கிறார். இன்னொருவருக்கு 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டாலும் தெரியவில்லை. செருப்புக்குள் கல் இருந்தாலும் தெரியாது. முதலாமவருக்கு வேண்டியது வலிக்கான மருந்தும் உறக்கமும். இரண்டாமவருக்கு வேண்டியது தினமும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பதும், வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும். தாளில் சொல் மாறினால் ஒருவருக்கான எச்சரிக்கை இன்னொருவருக்குப் போகிறது, எச்சரிக்கை வேண்டியவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

அதனால்தான் எங்கள் தொழிலின் தலையாய விதியாக நான் மதிப்பது பிளாங்க் விடுவதை. கேட்டுக் கேட்டும் உறுதியாகவில்லை என்றால், அந்த இடத்தைக் கோடிட்டு விட்டு, ஒலிக்கோப்பில் எந்த நிமிடம், எந்த விநாடி, எப்படி ஒலிக்கிறது என்று குறித்து அனுப்புவது. மருத்துவர் அதைப் பார்த்து நிரப்புவார். சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். எங்களுக்குக் கூலி வரிக்கணக்கில். இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. மணிக்கணக்கில் ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினால் அன்றைய வரிகள் குறையும். ‘ஸ்டாட்’ என்று குறித்து வந்த அவசரக் கோப்புகள் வரிசையில் காத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் விடிகாலை நான்கு மணிக்கு எல்லோருக்கும் வரும். அந்த எண்ணத்தைத் தாண்டி வருகிற பிள்ளையைத்தான் நான் திறமைசாலி என்பேன். வேகத்தைப் பயிற்சியில் கொடுத்துவிடலாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்று தாளில் எழுதும் துணிவு அவர்களாகக் கொண்டுவர வேண்டியது.

இதற்காக என் குழுவில் ஒரு நடைமுறை வைத்திருந்தேன். நாங்கள் எல்லோரும் எக்ஸ்பாண்டர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோம். இரண்டு மூன்று எழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் விரிந்து வரும். வேகத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் ஹைப்பர், ஹைப்போ ஜோடிகளுக்குச் சுருக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். ஒரு விசை தவறினால் எதிர்ப்பொருள் விரிந்துவிடும், கண்ணும் அதைச் சரி என்றே படித்துவிட்டுப் போகும். இந்தச் சொற்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். 13 எழுத்தைத் தட்டுகிற நேரத்தில் மனம் ஒருமுறை நின்று ‘மிகையா, குறையா’ என்று கேட்டுக்கொள்ளும். அந்த இடைவெளி வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நடைமுறை. மருத்துவரே முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வதும் உண்டு: முதலில் வலது கால், பிறகு இடது கால்; முதலில் மிகை, பிறகு குறை. அப்போதும் திருத்தாமல், முரணைச் சுட்டிக் குறிப்போடு அனுப்புவோம்.

இந்தச் சொல்லின் பின்னால் இருக்கும் வேதனையைப் புரிந்துகொள்ள, பயிற்சி வகுப்பில் இரண்டு வரலாறுகளைச் சொல்வேன். முதலாவது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தது. பிலடெல்பியாவில் டர்னர்ஸ் லேன் மருத்துவமனையில், குண்டு பாய்ந்து நரம்பு காயம்பட்ட வீரர்களை சைலஸ் வியர் மிட்செல் என்ற மருத்துவர் கவனித்துக்கொண்டார். மோர்ஹவுஸ், கீன் என்ற இரு மருத்துவர்களோடு சேர்ந்து 1864இல் அவர் எழுதிய நூல் இந்தத் துறையின் அடிக்கல். காயம் ஆறிய பிறகும் சில வீரர்களின் கை தீயாக எரிந்தது. ஈரத் துணியை அதன்மேல் சுற்றி, அது காயக் காய நனைத்துக்கொண்டே இருந்தார்கள். செய்தித்தாள் சரசரத்தால், காற்று வீசினால், வார்டில் யாராவது நடந்தால், தூரத்தில் இராணுவ வாத்தியம் அதிர்ந்தால்கூட வலி கூடியது. 1872இல் வெளிவந்த தன் நூலில் மிட்செல் இதைக் காசால்ஜியா என்ற பெயரால் விவரித்தார். இன்று அந்த நிலை காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம் என்ற பெயருக்குள் வருகிறது. வீரர்கள் சொன்னதை நடிப்பு என்று தள்ளாமல், காகிதச் சத்தம் முதல் காலடி அதிர்வு வரை ஒன்று விடாமல் அவர் எழுதி வைத்ததால்தான், பின்னால் வந்தவர்கள் அதே வேதனையை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

இரண்டாவது ஹென்றி ஹெட். லண்டன் நரம்பியல் மருத்துவர். நோயாளிகள் சொல்வதை வைத்து மட்டும் உணர்ச்சியின் நுட்பத்தைப் பிடிக்க முடியவில்லை என்று, 1903இல் தன் இடது முன்கையில் ஓடும் தோல் நரம்பை அறுத்துத் தைக்கச் செய்தார். அடுத்த நான்காண்டுகளுக்கு மேலாக, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அவர் கையைத் தொட்டும் குத்தியும், வெந்நீரும் குளிர்நீரும் வைத்தும் சோதித்தார். ஹெட் கண்ணை மூடிக்கொண்டு உணர்ந்ததைச் சொன்னார். உணர்ச்சி திரும்பி வந்தபோது முதலில் வந்தது நுட்பமானதாக இல்லை. எங்கே படுகிறது என்று சுட்ட முடியாத, தேவைக்கு மேல் உக்கிரமான, வெறுக்கத்தக்க உணர்வாக இருந்தது. நுட்பம் பிறகுதான் மெல்லத் திரும்பியது. 1908இல் ‘பிரெயின்’ இதழில் இதை வெளியிட்டார்கள். அவர்கள் கட்டிய கோட்பாட்டைப் பின்வந்த ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனாலும், நரம்பு அடிபட்ட இடத்தில் உணர்ச்சி குறைவதும் அதே இடத்தில் மிஞ்சுவதும் ஒரே கதையின் இரண்டு பகுதி என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் மாணவர்களுக்கு விளக்க முடிந்ததில்லை.

இந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. ஊரில் என் அத்தைக்கு முதுகிலிருந்து மார்புவரை ஒருபக்கமாக அக்கி வந்தது. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் பல ஆண்டுகள் பதுங்கியிருந்து, வயதான பிறகு அந்த ஒரு நரம்பின் வழியே வெளிப்படுவதுதான் அக்கி. எங்கள் பக்கத்து வழக்கப்படி குயவரை அழைத்துக் காவிமண்ணில் அக்கி எழுதினார்கள். கொப்புளமும் வாடி உதிர்ந்தது. ஆனால் அத்தை ரவிக்கை போட முடியாமல் தவித்தார். முந்தானை உரசினாலே விலகிக்கொள்வார். “புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் என்ன?” என்று வீட்டில் எல்லோரும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

நான் போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “துணி பட்டா நெருப்புப் பட்ட மாதிரி இருக்குடி. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க” என்றார்.

“அத்தை, இதுக்குப் பேரு இருக்கு. நெறய பேருக்கு வரும். மருந்தும் இருக்கு.”

“பேரு இருக்கா? அப்ப நான் பொய் சொல்லலன்னு உங்க மாமாகிட்டச் சொல்லு.”

மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் பஞ்சால் தொட்டுப் பார்த்து, அத்தை முகம் சுளித்ததையும் பார்த்து, எழுதிக்கொண்டார். மாத்திரை தொடங்கிச் சில மாதங்களில் வலி குறைந்தது. அன்று அவர் சீட்டில் எழுதிய சொல்லை நான் எட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதுவரை நான் பக்கம் பக்கமாகத் திருத்திய அறிக்கைகளின் மறுமுனையில் இப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது அறிவுக்குத் தெரிந்ததுதான். அத்தையைப் பார்த்த பிறகு அது வேலையின் ஒவ்வொரு வரியிலும் கூடவே இருந்தது. மிகை உணர்ச்சி வெளியே தெரியும் காயமல்ல. எக்ஸ்ரேயில் விழாது; இரத்தப் பரிசோதனையில் எண்ணாக வராது. நோயாளி சொன்னதும், மருத்துவர் தொட்டுப் பார்த்துக் கண்டதும்தான் ஆதாரம். அந்த ஆதாரம் தங்கும் இடம் அந்த ஒரு சொல். அதைத் தவறாக எழுதினால், அவர் பட்ட பாட்டுக்கு இருக்கும் ஒரே சாட்சியைக் கலைத்ததாகும்.

இந்தத் தொழில் இப்போது வெகுவாக மாறிவிட்டது. அமெரிக்காவில் 2009இல் வந்த சட்டம் மின்னணு மருத்துவப் பதிவேடுகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. மருத்துவர்கள் பலர் தாங்களே திரையில் குறிக்கத் தொடங்கினார்கள். இன்னொரு பக்கம் பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் வந்தது. எங்கள் பிள்ளைகள் இன்று தட்டச்சு செய்வதைவிட, இயந்திரம் எழுதியதைத் திருத்துவதே அதிகம். வரிகள் வேகமாக வருகின்றன, உண்மைதான். ஆனால் ஆபத்தின் உருவம் மாறியிருக்கிறது. முன்பு தெளிவில்லாத ஒலி தெளிவில்லாமலே காதில் விழும், சந்தேகம் தானாக எழும். இப்போது இயந்திரம் அந்த ஒலியைக் கேட்டு, தயங்காமல் ஒரு சொல்லைத் திரையில் எழுதிவிடுகிறது. கண் அதை முதலில் படித்துவிடுகிறது. பிறகு காது கண்ணுக்கு ஒத்து ஊதுகிறது. ‘ஹைப்போ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டால், ‘ஹைப்பர்’ என்பதும் ‘ஹைப்போ’ என்றே கேட்கும்.

ஆகவே திருத்துகிறவர்களுக்கு நான் சொல்வது: இந்த வகைச் சொல் வரும் இடத்தில் திரையைப் பார்க்காமல் முதலில் கேளுங்கள். என்ன கேட்டது என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனாலும், கோப்பு முழுவதும் அதற்கு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பிளாங்க் விடுங்கள். ஆயிரம் வரி சரியாக எழுதியவருக்கும் இதில் சலுகை கிடையாது.

நோயாளியாக மருத்துவர் முன் உட்காரும் எல்லோருக்கும் இந்தத் தொழில் தந்த பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். “அங்க ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்” என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த ‘ஒரு மாதிரி’யிலிருந்து எந்த மருத்துவரும் சரியான சொல்லை எடுக்க முடியாது. தொட்டால் குறைவாகத் தெரிகிறதா, அதிகமாகத் தெரிகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். மரத்துப்போயிருக்கிறதா, மதமதப்பா, எரிச்சலா, ஊசி குத்துகிறதா, துணி பட்டால் வலிக்கிறதா, தண்ணீர் பட்டால் வலிக்கிறதா என்று நம் பேச்சில் தனித்தனியாகவே சொற்கள் இருக்கின்றன. அவற்றை அப்படியே சொல்லுங்கள். எந்த இடம் என்று விரலால் எல்லை போட்டுக் காட்டுங்கள். ஒரே இடத்தில் இரண்டும் இருந்தால் இரண்டையும் சொல்லுங்கள். அது முரண் அல்ல, அப்படி இருப்பதுண்டு.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும்போது கையில் தரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைப் பத்திரப்படுத்துவதோடு நிற்காமல் வாசியுங்கள். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். வலது, இடது சரியாக இருக்கிறதா, ‘ஹைப்பர்’ என்றும் ‘ஹைப்போ’ என்றும் வரும் இடங்கள் நீங்கள் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேளுங்கள். திருத்தித் தரச் சொல்வது உங்கள் உரிமை. அடுத்த மருத்துவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தத் தாளைப் படித்துவிடுவார்.